நம்மாளப் போட்டுடலாமா?

அந்தம்மாவின் கடைக்கு யார் எதற்காக வந்தாலும் முதல் கேள்வி ஒன்றுதான். "நம்மாளப் போட்டுடலாமா?"

புதிதாக வருகிறவர்கள் ஒரு கணம் முழிப்பார்கள். குழந்தையின் காது குத்துக்குப் பேனர் அடிக்க வந்த இடத்தில் யாரைப் போடப் போகிறார்கள் என்று பயந்துகூடப் போயிருக்கிறார்கள். அந்தம்மா கம்ப்யூட்டரை அவர்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார். திரையில் குழந்தையின் பெயர் வளைந்து, நெளிந்து, வாலைச் சுருட்டிக்கொண்டு நிற்கும்.

நம்மாளு என்றால் ஓர் எழுத்து. கம்ப்யூட்டருக்குள் வகைவகையாக அடைந்து கிடக்கும் தமிழ் எழுத்துகளில் ஒன்று. யாரோ ஒருவர், வேறு வேலை வெட்டி எதுவும் இல்லாதவர், பட்டைப் பேனாவைச் சாய்த்துப் பிடித்து நிதானமாக எழுதியது போல இருக்கும். மேலே ஏறும்போது மெல்லிசு, கீழே இறங்கும்போது தடிப்பு. எல்லா எழுத்தும் எதிர்க்காற்றில் நடப்பது போல ஒரே பக்கம் சாய்ந்திருக்கும். ல, ள, ண மூன்றுக்கும் வால் உண்டு. அது அடுத்த எழுத்தின் காலடிவரை போய்ச் சுருண்டு படுத்துக்கொள்ளும். புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சின்ன வளையம் இருக்கும். அந்த எழுத்துக்கு ஏதோ ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்தது. யார் வாயிலும் நுழையவில்லை. அந்தம்மா நம்மாளு என்று வைத்துவிட்டார். அதோடு அது கடையில் வேலை செய்யும் ஆள் போலவே ஆகிவிட்டது.

கும்மிடிப்பூண்டி பஜாரில் ஜெராக்ஸ், ஃப்ளெக்ஸ் பேனர், வண்டிகளுக்கு ரேடியம் ஸ்டிக்கர் எல்லாம் செய்யும் கடை அது. எங்கள் கம்பெனி வேன் காலையில் அந்தக் கடை வாசலில்தான் நிற்கும். மற்றவர்கள் எதிரே டீக்கடையில் கும்பலாக நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்குக் கும்பலில் நிற்க வராது. அதனால் கடை ஓரமாக நிற்பேன். சும்மா நிற்கிற ஆளை அந்தம்மாவால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

"அண்ணாத்தே, இந்த ஓரத்தக் கொஞ்சம் புடி."

பேனரின் ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையிலிருந்து கத்தியை ஓட்டிக்கொண்டு வருவார். ஒருநாள் நான் மரியாதைக்கு "மேடம்" என்று கூப்பிட்டுவிட்டேன். கத்தியை நிறுத்திவிட்டுப் பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"யாரது மேடம்? எங்க ஊட்ல அப்படி யாரும் இல்லியே."

அன்றிலிருந்து நான் அவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இல்லைங்க", "ஆமாங்க" இரண்டை வைத்தே காலத்தை ஓட்டினேன்.

நம்மாளு எங்கே போக வேண்டும், எங்கே போகக் கூடாது என்ற கணக்கெல்லாம் அந்தம்மாவிடம் கிடையாது. கல்யாணப் பத்திரிகைக்கு நம்மாளு. ஸ்வீட் கடைப் பலகைக்கு நம்மாளு. அதெல்லாம் சரி. நாய்கள் ஜாக்கிரதை என்று கேட்டு வந்தாலும் நம்மாளுதான். பஞ்சர் கடைக்கும் நம்மாளுதான். ஆடி மாதத்தில் பெரியபாளையத்துக்குப் போகும் வேன்களுக்குப் பேனர் அடிக்கும்போது மட்டும் எல்லாம் ஒன்று கூடிவரும். மஞ்சள் பேனரில் சிவப்பாக அம்மன் பெயர், வால்களெல்லாம் வேப்பிலைக் கொத்து போலத் தொங்கும். அப்போது அந்தம்மா என்னைப் பார்த்து, "இப்ப இன்னா சொல்ற?" என்பார். நான் அதற்கு முன்னாலும் எதுவும் சொல்லியிருக்க மாட்டேன்.

பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெரியவர் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனர் அவசரமாக வேண்டும் என்று கேட்டார்கள். நம்மாளு போனார். பெரியவரின் பெயருக்குக் கீழே அவருடைய மகன்கள், மருமகள்கள், பேரப்பிள்ளைகள் எல்லோரும் வாலைச் சுருட்டிக்கொண்டு வரிசையாக நின்றார்கள். அன்றைக்கு அந்தத் தெருவுக்கு வந்த ஒரு ஆள் தூரத்திலிருந்து பேனரைப் பார்த்துவிட்டு, "பந்தி எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டார். மூத்த மகன் நேராகக் கடைக்கு வந்தார்.

"எங்கப்பன் செத்துப் போய்க்கீறாரு. நீ இன்னான்னா ரிசப்ஷன் மாதிரி எழுதிக்கீற."

"ஏம்ப்பா, செத்தவரு அழகாப் போவக் கூடாதா?"

"அழகாவா? சாவு ஊடும்மா அது!"

"எனுக்கும் தெரியும். உங்கப்பா பேர இதுக்கு முன்னாடி எங்கியாவது இவ்ளோ நல்லா எழுதிப் பாத்துக்கீறியா? ரேஷன் கார்டுல பாத்துக்கீறியா? சொல்லு."

அந்த ஆள் யோசித்தார். யோசித்ததுதான் தப்பு. சண்டைக்கு வந்தவர் யோசிக்கக் கூடாது. கொஞ்ச நேரத்தில் பதினாறாம் நாளுக்கும் அதே எழுத்தில் பத்திரிகை அடிக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்னொரு முறை ஆந்திர எல்லையில் இருக்கும் தடா பக்கத்து லாரி டிரைவர் ஒருவர் வந்தார். பாதித் தெலுங்கில் பேசுவார். போன வாரம் நம்பர் பிளேட்டுக்கு ரேடியம் ஒட்டிக்கொண்டு போனவர் அவர்.

"ஏம்மா, போலீஸ் வண்டிய நிறுத்திட்டாரு. இது நம்பரா, வாசல்ல போட்ட கோலமான்னு கேக்கறாரு."

"கோலம்னு தெரிஞ்சிச்சி இல்ல நைனா? அப்ப அவுருக்குக் கண்ணு நல்லாத்தான் கீது. நம்பரப் படிக்க இன்னா நோவு?"

ரேடியத்தில் நம்மாளை வெட்டுவது பெரிய பேஜாரு. மெஷின் வெட்டித் தந்துவிடும். ஆனால் வேண்டாத இடத்தை உரித்து எடுக்கும்போது முடி அளவு மெல்லிசான வால்கள் கூடவே கிழிந்துகொண்டு வந்துவிடும். அந்தம்மா மூக்குக்கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிக்கொண்டு, ஊசியால் ஒவ்வொரு வாலாகக் காப்பாற்றுவார். ஒரு வால் அறுந்தாலும் முழுப் பெயரையும் கசக்கிப் போட்டுவிட்டு மறுபடி வெட்டுவார். நேர் எழுத்தில் செய்தால் ஒரு நாளில் பத்து வண்டி முடிந்துவிடும் என்று யாராவது சொன்னால் அவருக்குப் பிடிக்காது.

"நேர் எழுத்தெல்லாம் பரேடுல நிக்கிற மாதிரிப்பா. பாத்தாவே நமக்கும் கைய வெறப்பா வெச்சிக்கணும்னு தோணுது. நம்மாளு பாரு, எப்படி நடந்து வர்றாரு."

இவ்வளவும் பேசுகிறவருடைய சொந்தக் கையெழுத்தை நான் பார்த்திருக்கிறேன். வீணான பேனர் துண்டில் மார்க்கரால் ஆர்டரைக் குறித்து வைப்பார். கோழி கிளறிய குப்பை தேவலாம். மறுநாள் அவருக்கே புரியாது. வாடிக்கையாளருக்கு போன் போட்டு, "உங்க பொண்ணு பேரு இன்னா சொன்னீங்க?" என்று ஆரம்பத்திலிருந்து கேட்பார். ஒருநாள் நான் அந்தத் துண்டைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். அவருக்குக் கோபம் வரவில்லை. "கையால எழுதிட்டா கையெழுத்தா? இதான் கையெழுத்து" என்று திரையைக் காட்டினார்.

அப்போது எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்து, பல நாளாக மனதில் இருந்ததைச் சொன்னேன். ஒரு பேனரில் நான்கு ல இருந்தால் நான்கும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கின்றன. ஒரே இடத்தில் வளைவு, ஒரே நீளத்துக்கு வால். கையால் எழுதினால் அப்படி வராது. அதனால் உற்றுப் பார்த்தால் பொய் தெரிந்துவிடும் என்றேன்.

இதற்குத்தான் கோபம் வந்தது.

"ரெட்டப் புள்ளைங்களப் பாத்தா நீ இன்னா சொல்லுவ, அதுல ஒன்னு பொய்யின்னா?"

அடுத்த சில நாட்கள் பேனர் ஓரத்தைப் பிடிக்க என்னைக் கூப்பிடவில்லை. டீக்கடைக்காரரைக் கூப்பிட்டார்.

அந்தம்மாவை எதிர்த்துப் பேச முடிந்தவர் ஒருவர்தான். அவருடைய மருமகன். வேப்பம்பட்டில் வீடு, சென்னையில் விளம்பரக் கம்பெனியில் டிசைன் வேலை. மாப்பிள்ளை என்பதால் அந்தம்மா அவரிடம் குரலை உயர்த்த முடியாது. ஒருமுறை வந்திருந்தபோது கடைச் சுவரில் தொங்கிய மாதிரிகளைப் பார்த்துவிட்டு அவர் பொறுமையாகச் சொன்னார்.

"அத்தே, இது அலங்கார எழுத்து. ஒரு வார்த்தைக்கு, ரெண்டு வார்த்தைக்கு யூஸ் பண்ணணும். பொண்ணு மாப்ள பேரு, கடை பேரு, கேக் மேல பேரு, அவ்ளோதான். மத்ததெல்லாம் சாதாரண எழுத்துல இருந்தாத்தான் இது எடுப்பாத் தெரியும்."

"அப்ப மத்த வார்த்தைங்க இன்னா பாவம் பண்ணிச்சி மாப்ள?"

"பாவம் இல்ல அத்தே. யாரும் படிக்க மாட்டாங்க. பாத்துட்டுப் போய்க்கினே இருப்பாங்க."

"நீங்க சாப்பிடுங்க. பிரியாணி ஆறிடப் போவுது" என்று முடித்துவிட்டார் அந்தம்மா. மாப்பிள்ளை சொன்னதுதான் சரி என்று எனக்குப் பட்டது. இப்போதும் படுகிறது. அவர் சொன்னதை அப்படியே எங்கள் கம்பெனி நிரூபித்துக் காட்டியது.

பாட்டிலுக்கு பிளாஸ்டிக் மூடி செய்யும் கம்பெனி. நான் பேக்கிங் பிரிவில் இருந்தேன். மூடியைத் தரம் பார்த்து, எண்ணிப் பெட்டியில் போட்டு ஒட்ட வேண்டும். எல்லோரும் ஸ்டூலில் உட்கார்ந்துதான் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தோம். வடக்கேயிருந்து புது மேனேஜர் வந்தார். உட்கார்ந்தால் தூக்கம் வரும், நின்றால் கை ஓடும் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஒரு திங்கட்கிழமை காலையில் போய்ப் பார்த்தால் ஸ்டூல் ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் குடோனில் போட்டுப் பூட்டிவிட்டார்கள்.

எனக்குக் கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொள்ளும் நோய். பெரியாஸ்பத்திரியில் அதிகம் நிற்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். ஒரு மாதத்தில் கால் இரண்டும் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஐந்தாவது படித்தவனுக்கு உட்கார்ந்து பார்க்கும் வேலை வேறு எங்கேயும் கிடைக்காது. ஸ்டூல் வந்தால் வேலை இருக்கும், வராவிட்டால் வேலையை விட்டு நானே நின்றுகொள்ள வேண்டியதுதான் என்ற நிலைமை. எங்களை வேலைக்கு வைத்த கான்ட்ராக்டரிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

"முடியலன்னா ஊட்ல போய்ப் படுத்துக்க நைனா. கேட்டுக்கு வெளிய எவ்ளோ பேரு வேல கேட்டுக்கினு கீறான் பாத்தியா?" என்றார்.

என் பக்கத்தில் வேலை செய்த மல்லிகாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஊட்லயும் நின்னுக்கினுகீறோம், வேன்லயும் நின்னுக்கினு வர்றோம், இங்கியும் நிக்கணும்னா, சாவும்போதாவது படுக்க வுடுவானுங்களா?" என்றாள். அவள்தான் ஒரு அட்டையில் மார்க்கரால் எழுதி நோட்டீஸ் பலகையில் ஒட்டினாள். டீ நேரத்துக்குள் வாட்ச்மேன் கிழித்துவிட்டார். கோரிக்கை என்று எது தெரிந்தாலும் கிழிக்கச் சொல்லி உத்தரவு. மறுபடி ஒட்டினாள், மறுபடி கிழித்தார்.

கேட்டுக்கு வெளியே ரோட்டு ஓரம் ஒரு கம்பிவேலி உண்டு. ஊர்க்காரர்களின் கல்யாணம், காது குத்து, மஞ்சள் நீராட்டு பேனரெல்லாம் அதில்தான் கட்டுவார்கள். அங்கே ஒரு பேனர் கட்டுவது என்று முடிவானது. அந்தம்மா கடை வாசலில் தினமும் நிற்கிறவன் நான் என்பதால் என்னிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். வாசகத்தை மல்லிகா சொன்னாள். உட்கார விடு, எங்கள் ஸ்டூல்களைத் திருப்பிக் கொடு, பேக்கிங் பிரிவுத் தொழிலாளர்கள். அவ்வளவுதான். எழுத்து சிவப்பாக, தடியாக, தூக்கிய முஷ்டி மாதிரி இருக்க வேண்டும் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினாள்.

நான் போய் அந்தம்மாவிடம், "செவப்பா, தடியா, நேரா வேணுமாங்க" என்றேன்.

"ஆங், ஆங். காலையில வா" என்றார். அவர் நம்மாளைப் பற்றிக் கேட்காதது எனக்கு நிம்மதியாக இருந்தது. கேட்காமல் விட்டதற்கு என்ன அர்த்தம் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

காலையில் வேன் வரும் நேரத்தில் சுருட்டிக் கொடுத்துவிட்டார். கம்பெனி கேட்டுக்கு அருகே இறங்கி வேலியோரம் பிரித்தோம். ரோஸ் கலர் பேனர். இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. சுற்றிலும் மல்லிகைச் சரம். நடுவில் நம்மாளு, முழு அலங்காரத்தோடு. விடு என்பதில் வி-யின் மேல் வளைவு துள்ளியது. ஸ்டூல் என்பதில் இருந்த வளையங்கள் பூவாகவே மாறியிருந்தன. கீழே எங்கள் பிரிவின் பெயருக்கு மேல், நாங்கள் கேட்காமலே, அன்புடன் என்று ஒரு வார்த்தை.

மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது? ஸ்டூலுக்குக் கல்யாணமா? மாப்ள யாரு, பெஞ்சா?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வேலிக்குப் பின்னாலிருந்த முள்ளுக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. வேறு அடிக்க நேரமில்லை. கட்டிவிட்டு உள்ளே ஓடினோம்.

டீ நேரம் வந்தது. பேனர் இருந்தது. சாப்பாட்டு நேரத்திலும் இருந்தது. வாட்ச்மேன் அதற்குக் கீழேயே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் ஒடிசாக்காரர், தமிழ் படிக்கத் தெரியாது. ஆனால் எது கோரிக்கை, எது விசேஷம் என்று எழுத்தின் தோற்றத்தை வைத்தே கண்டுபிடிக்கப் பழகியிருந்தார். முன்பு ஒருமுறை மஞ்சள் நீராட்டு பேனரை அவிழ்த்துவிட்டு, பெண்ணின் தாய்மாமன்களிடம் மாட்டிக்கொண்டவர். பூவும் குத்துவிளக்கும் போட்ட எதையும் அவர் கையால் தொடமாட்டார். அவரை விடுங்கள். எங்கள் சூப்பர்வைசர் பத்தாவது பாஸ், தமிழ்க்காரர். காலையும் மாலையும் அந்த பேனரைக் கடந்துதான் பைக்கில் போனார். யார் வீட்டிலோ விசேஷம் என்று நினைத்து ஒரு வார்த்தைகூடப் படிக்கவில்லை. அந்தம்மாவின் மருமகன் சொன்னது இதைத்தான்.

ஊர்க்காரர்கள் மட்டும் படித்தார்கள். யார் வீட்டு விசேஷம், மொய் வைக்க வேண்டுமா என்று பார்க்கிறவர்கள் அவர்கள். படித்துவிட்டுச் சிரித்தார்கள். நாலைந்து நாளில் ஷேர் ஆட்டோக்காரர்கள், "ஸ்டூல் ஸ்டாப் எறங்கு" என்று கத்த ஆரம்பித்தார்கள். கம்பெனிக்குள் இருந்த பெரியவர்களைத் தவிர எல்லோருக்கும் விஷயம் தெரிந்துவிட்டது.

அந்த வாரம் சென்னைத் தலைமை ஆபீசிலிருந்து ஆட்கள் பார்வையிட வந்தார்கள். அவர்களை வரவேற்க மேனேஜர் வாசலுக்கு வந்தவர், பேனரைப் பார்த்துவிட்டு நின்றார். பூத்தட்டு பிடிக்க மல்லிகாவையும் என்னையும் வாசலில் நிறுத்தியிருந்தார்கள். தமிழ் தெரியாத மேனேஜர் பேனரைக் காட்டி, என்ன என்பது போலக் கையை ஆட்டினார்.

"வெல்கம் சார்" என்றாள் மல்லிகா.

நான் பூத்தட்டை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டேன்.

"குட், வெரி குட்" என்றார் மேனேஜர். வந்தவர்களை அழைத்துப்போய் பேனருக்கு முன்னால் வரிசையாக நிறுத்தினார். தானும் நடுவில் நின்றார். போட்டோ எடுத்து, கம்பெனியின் எல்லா ஊர்க் கிளைகளும் இருக்கிற வாட்ஸப் குரூப்பில் அங்கேயே நின்று தன் கையாலேயே போட்டார்.

வந்தவர்களில் ஒரு சென்னை அம்மா இருந்தார். போட்டோ எடுக்கும்போது பேனருக்கு முதுகு காட்டி நின்றவர், பிறகுதான் திரும்பி, வால்களை விலக்கி விலக்கி மெதுவாகப் படித்தார். முகம் மாறியது. மேனேஜரைத் தனியே கூப்பிட்டு இங்கிலீஷில் ஏதோ சொன்னார். மேனேஜர் போனை எடுத்து அழிக்கப் பார்த்தார். அதற்குள் மதுரைக் கிளையில் யாரோ சிரிப்பு பொம்மை போட்டிருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அந்தச் சென்னை அம்மா எங்கள்மேல் இரக்கப்பட்டதாக நான் நினைக்கவில்லை. இன்னொரு போட்டோ வெளியே போய்விடக் கூடாது என்ற பயம்தான். எதுவானால் என்ன, ஸ்டூல்கள் திரும்பி வரப்போகின்றன என்று சாயங்காலமே பேச்சு வந்துவிட்டது.

வேன் இறங்கியதும் அந்தம்மாவிடம் ஓடினேன். போட்டோ அவருடைய போனுக்கே வந்து சேர்ந்திருந்தது. அதைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாரு அண்ணாத்தே இந்த நடுவுல நிக்கிற ஆளு? தொப்பையால ல-வோட வால மறைச்சிக்கினு நிக்கிறான்."

"இப்படி நடக்கும்னு தெரிஞ்சிதான் நம்மாளப் போட்டீங்களா?" என்று கேட்டேன். அவரிடம் நான் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும்.

"எனுக்கு இன்னா தெரியும்? உக்காரணும்னு ஆசையா கேக்கறீங்க. அத்தப் போயி தடி எழுத்துல எழுதுவாங்களா?"

அதற்குமேல் பதில் வராது என்று தெரிந்து திரும்பியபோது திரையில் இருந்ததைப் பார்த்தேன். எங்கள் கம்பெனியின் பெயர். கீழே ஒரு வரி. மிகவும் களைப்புற்றோர் மட்டும் அமரவும். மேனேஜர் தன் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ள ஸ்டூல்களுக்கு மேலே மாட்டச் சொல்லி, சூப்பர்வைசர் மூலம் ஆர்டர் கொடுத்த பலகை. மிகவும் களைத்தவர் யார், கொஞ்சம் களைத்தவர் யார் என்று அவர்கள்தானே முடிவு செய்வார்கள்? என் கால் வீக்கத்தை தினமும் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்க முடியுமா?

"இத்தப் போட்டா எங்கள உக்கார வுட மாட்டாங்க" என்றேன்.

அந்தம்மா திரும்பவில்லை. களைப்பில் இருந்த ள-வின் வாலை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொண்டிருந்தார். இரண்டு மூலையிலும் ரோஜாப்பூ வைத்தார். தள்ளி உட்கார்ந்து பார்த்துவிட்டு, ஓரத்தில் ஒரு பன்னீர்ச் செம்பும் வைத்தார்.

மறுநாள் காலை ஸ்டூல்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். அவற்றுக்கு மேலே சுவரில் பலகை. நாங்கள் உள்ளே போனதும் சூப்பர்வைசர் ஸ்டூல்களுக்கு முன்னால் வந்து நின்றுகொண்டார். விரலால் பலகையைக் காட்டினார். "எல்லாரும் நல்லாப் படிச்சிக்கோங்க" என்றார்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தோம். யாரும் நகரவில்லை. மல்லிகா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அவரைச் சுற்றிக்கொண்டு போய், முதல் ஸ்டூலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தாள்.

"ஏய், இன்னா எழுதிக்கீதுன்னு பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் சார். பூவெல்லாம் போட்டு, பன்னீர்ச் செம்பு வெச்சி, இவ்ளோ அழகா பத்திரிக வெச்சிக் கூப்பிட்டுக்கீறீங்க. உக்காராம போனா உங்களுக்குத்தான சார் மரியாத இல்ல?"

பெண்கள் எல்லோரும் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். நான் கடைசியாகப் போனேன். கால் தரையை விட்டு எழும்பியதும் கெண்டைக்காலில் ஏதோ ஒன்று அவிழ்ந்தது போல இருந்தது. சூப்பர்வைசர் திரும்பி அந்தப் பலகையை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார். பிறகு கதவுப் பக்கம் பார்த்தார். மேனேஜர் வரவில்லை. ஓரத்தில் மிச்சமிருந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு அவரும் உட்கார்ந்துகொண்டார்.